மூடாத கை

தலையில் கூடை ஏறிவிட்டால் கைக்குப் பெரிய வேலை கிடையாது. உப்பளத்துக்கு வெளியே இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பாத்தியில் ஆண்கள் பலகை போட்டு இழுத்து, வரப்போரம் உப்பைக் குவித்துவிட்டுப் போவார்கள். அதைக் கூடையில் வாரி மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுவது பெண்களின் வேலை. ஒருத்தியாக நின்று யாரும் கூடையைத் தூக்கிக்கொள்ள முடியாது. அதற்கு ஜோடி உண்டு. ஒருத்தி வாரிப் போட்டுத் தூக்கிவிடுவாள், ஒருத்தி சுமப்பாள். கூடை சும்மாட்டின் மேல் உட்கார்ந்த பிறகு கழுத்து பார்த்துக்கொள்ளும், இடுப்பு பார்த்துக்கொள்ளும். கை ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

பாதி நாள் ஆனதும் மற்ற ஜோடிகள் மாற்றிக்கொள்வார்கள். நாங்கள் மாற்றிக்கொண்டதில்லை. என் ஜோடி என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. அவள்தான் நாள் முழுக்க வாருவாள், நான்தான் நாள் முழுக்கச் சுமப்பேன். "இந்த வயசுல ஒரு நட கூட வுட்டுக் குடுக்காது" என்று என்னைப் பற்றி மரக்காணம் அளத்தில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரைக் கேட்டுக்கொண்டு நானும் தலையை நிமிர்த்தித்தான் நடந்தேன். உண்மை என்னவென்றால் என்னால் வார முடியாது. வலது கையில் நான்கு விரலும் மூடாமல் போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. இடது கை பாதி மூடும். உப்புத் தண்ணீரில் வெடித்து, ஆறி, மறுபடி வெடித்து, கடைசியில் விரல்கள் நீட்டினது நீட்டினபடியே நின்றுவிட்டன.

இது ஓரகத்தி ஒருத்திக்குத்தான் தெரியும். மேஸ்திரிக்குத் தெரிந்தால் முடிந்தது. விடியற்காலையில் ரோட்டோர டீக்கடை முன்னால் நின்று அவன் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவான். யாருக்கு உடம்பு தளர்ந்தது என்று தெரிகிறதோ அவளிடம், "இன்னிக்கு நீ இரு" என்பான். மறுநாளும் இன்னிக்குத்தான். அதற்கு மேல் அவள் வருவதை நிறுத்திக்கொள்வாள். அளத்து வேலை போனால் எனக்கு இருக்கிற இடம் சென்னையில் மகன் வீடு. ஒரே அறை, அதில் நான்கு பேர். அங்கே போய் மருமகள் சோறு போடும் நேரத்துக்குக் காத்துக்கொண்டு மூலையில் உட்கார எனக்கு விருப்பமில்லை. எனக்கென்று ஒரு வீடு, ஒரு அடுப்பு, பகலில் போக ஒரு இடம், இவை இருக்கும் வரைக்கும்தான் நான் நான்.

போன வருஷம் உப்பு எடுக்க ஆரம்பித்த புதிதில் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். தொழிலாளிகளுக்குக் கருவிகள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. வரைந்து, செய்து, சோதித்துப் பார்ப்பது அவள் பொறுப்பு. குயிலாப்பாளையத்தில் ரூம் எடுத்துத் தங்கி, தினமும் ஸ்கூட்டரில் வந்தாள். உப்பளத்துக் கருவியெல்லாம் ஆம்பளை உடம்புக்குச் செய்தவை, பொம்பளைகள் தலையில் சுமந்தே கழுத்து போகிறது, அவர்களுக்கென்று ஒரு தள்ளுவண்டி செய்யப் போகிறோம் என்றாள். முதலாளி சரி என்றுவிட்டார்.

முதல் நாள் வரப்பில் எங்களை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். தாளில் ஒரு மனித உருவம், கோடாக. கூடவே சிவப்பு ஒட்டுப்பொட்டு. எங்கே வலிக்கிறதோ அங்கே ஒட்ட வேண்டுமாம்.

"இது ஆம்பளையா பொம்பளையா? சேலையே கட்டல" என்றாள் ஒருத்தி.

"சேல இல்லன்னா இன்னா, நெத்தியில பொட்டு வெச்சு வுடு, பொம்பள ஆயிடும்."

அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். "நெத்தி வலிச்சா வைங்கக்கா."

மேஸ்திரி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். எல்லாரும் கழுத்தில் ஒட்டினார்கள், முட்டியில் ஒட்டினார்கள். எனக்கு அந்தப் பொட்டைப் பிரித்தெடுக்கவே வரவில்லை. ஓரகத்தி தன்னுடையதைப் பிரிக்கிற மாதிரி பிரித்து என் விரல் நுனியில் ஒட்டிவிட்டாள். நான் அதைக் கழுத்தில் வைத்தேன். என் கழுத்துக்கு ஒரு கேடும் இல்லை. அந்தப் படத்தில் கை இரண்டும் உருண்டையாக முடிந்திருந்தன, விரல் வரையவில்லை. விரல் இருந்திருந்தாலும் நான் அங்கே ஒட்டியிருக்க மாட்டேன்.

பிறகு அளவெடுத்தாள். உயரம், தோள், இடுப்பு, பாதம். குட்டையாக இருக்கிறவளைத்தான் முதலில் அளந்தாள். "பெரிய ஆளுங்களுக்குச் செஞ்சா சின்ன ஆளுங்களுக்கு எட்டாது" என்றாள். நல்ல புத்தியுள்ள பெண். கைக்கு மட்டும், ஒரு தாளின் மேல் உள்ளங்கையை விரித்து வைக்கச் சொல்லி, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள். விரித்த கையில் எனக்கு என்ன குறை? மற்றவர்களுடையதை விட என் கைதான் தாளில் அழகாகப் படிந்தது. மூடிக் காட்டச் சொல்லி அவள் கேட்கவில்லை.

"உங்களுக்கு எத்தனை வயசும்மா?"

சொன்னேன்.

"நீங்கதான் எனக்கு முக்கியம். உங்களால தள்ள முடிஞ்சா யாராலயும் தள்ள முடியும்."

இதை மேஸ்திரி முன்னால் சொன்னாள். எனக்கு உள்ளே குளிர்ந்தது. அதோடு பயமும் வந்தது.

வண்டி வந்தது. நீல நிறம், வரப்பில் புதையாத அகலச் சக்கரம் இரண்டு, கைப்பிடியை ஏற்றலாம் இறக்கலாம். குட்டையானவளும் குனியாமல் தள்ளினாள். கைப்பிடிக்கு அடியில் சைக்கிள் பிரேக் போல ஒரு கம்பி.

"இதை அமுக்கிப் பிடிச்சாதான் சக்கரம் ஓடும்" என்று விளக்கினாள். "விட்டா தானா நின்னுடும். பலகை மேல ஏத்தும்போது கை நழுவினாலும் வண்டி பின்னாடி வராது. உங்க பாதுகாப்புக்குத்தான்."

பலகை என்றால் மேட்டில் உப்புக் குவியலின் மேல் ஏற சாய்த்துப் போட்டிருக்கும் பலகை. அதில் வண்டி பின்னால் வந்தால் தள்ளுகிறவள் மேல்தான் வரும். சரியான யோசனைதான். எனக்குத்தான் வழியில்லை.

"மொதல்ல நீங்க தள்ளுங்கம்மா."

"சேலைய சரி பண்ணிக்கினு வர்றேன்" என்று குவியலுக்குப் பின்னால் போனேன். ஓரகத்தியும் வந்தாள். என் சும்மாட்டுத் துணியில் ஒரு நாடா அளவு கிழித்துக் கொடுத்தேன். அவள் வண்டியைத் துடைக்கிற மாதிரி குனிந்து அந்தக் கம்பியை அமுக்கிப் பிடியோடு சேர்த்துக் கட்டினாள். அளத்தில் நாங்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போடுவோம். என்னுடையது என் வீட்டுக்காரருடைய முழுக்கைச் சட்டை. கையை இறக்கிவிட்டால் முடிச்சு தெரியாது. உள்ளங்கை இரண்டையும் பிடியின் மேல் அழுத்தி, பாதிச் சுமையோடு சமமான வரப்பில் ஒரு நடை போய் வந்தேன்.

"எப்படிம்மா இருக்கு?"

"வெண்ணெ மாதிரி போவுது."

போனில் படம் எடுத்தாள். மேஸ்திரியும் எடுத்தான்.

சித்திரை பிறப்பதற்குள் பத்துப் பதினைந்து வண்டி வந்து இறங்கியது. கூடையெல்லாம் ஷெட்டில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். உப்பை வாரி வண்டியை நிரப்புவதும் ஆண்கள் வேலையாயிற்று. வெயில் ஏற ஏற எல்லாருக்கும் விரல் வெடிக்கும் காலம் அது. தலைச்சுமையில் அந்த வெடிப்பு காந்தும், அவ்வளவுதான். இப்போது காலையிலிருந்து மாலைவரை அந்தக் கம்பியை அமுக்கிக்கொண்டே நடக்க வேண்டும். வெடிப்பு பிளந்து ரத்தம் வந்தது.

"கழுத்து நல்லாயிடுச்சு மேஸ்திரி, கை போச்சு. அமுக்கவே முடியல" என்று ஒருத்தி சொன்னாள்.

"அந்த ஆயா வயசு இன்னா, உன் வயசு இன்னா? அது வாயத் தொறக்குதா பாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சக்கரத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவளும் வாயைத் திறக்கவில்லை. யார் முனகினாலும் மேஸ்திரிக்கு ஒரே பதில், நான். அவன் போனில் என் படம் இருந்தது. வேண்டியபோது எடுத்துக் காட்டினான்.

தினமும் காலையில் எனக்குத் துணி கட்டுவது ஓரகத்தி. பலகைக்கு வந்ததும் தன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து என் வண்டியை முன்னாலிருந்து இழுத்து ஏற்றுவதும் அவள்தான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கை இரண்டையும் என் முகத்துக்கு நேரே விரித்தாள். உள்பக்கம் சிவந்து கிடந்தது.

"யக்கா, உனுக்குத் துணி கட்டிட்டு நான் இப்படி அமுக்கிக்கினு கெடக்கிறேன். நீ ஒரு வார்த்த சொன்னா அந்தப் பொண்ணு மாத்திடும். இன்னாத்துக்கு இந்த வீம்பு?"

"நீயும் கட்டிக்கயேன்டி."

"கட்டிக்கிறேன். எல்லாரும் கட்டிக்கிறோம். பலகையில சறுக்கி மேல வுழுந்தா யாரு தூக்குறது? நீயா?"

நான் கஞ்சியைக் குடித்தேன். தூக்குப் பாத்திரத்தை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் ஏந்தித்தான் குடிப்பேன். குளிர்ச்சிக்காக அப்படிக் குடிக்கிறேன் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் இவர்கள் கை போகும். என் வீட்டுக் கதவை நானே உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் நிற்பது போல இருந்தது. அந்த மாதம் நான் யாரோடும் சேர்ந்து டீக்கடைக்கு நடக்கவில்லை. முன்னால் தனியாகப் போய் நின்றுகொள்வேன்.

ஆனி மாதத்தில் அந்தப் பெண் மறுபடி வந்தாள். சந்தோஷமாக இருந்தாள். இந்த வண்டியை முடிவு செய்துவிட்டார்களாம். வேதாரண்யம் பக்கத்து அளங்களுக்கும் செய்து அனுப்பப் போகிறார்களாம்.

"உங்களை வெச்சுதாம்மா எல்லாம் முடிவு பண்ணேன். அறுபது தாண்டினவங்களே தனியா ஏத்துறாங்கன்னு எழுதியிருக்கேன். அதை மட்டும் ஒரு வீடியோ எடுத்துக்கறேன். ஃபுல் லோடு, பலகை மேல, யாரும் தொடாம."

"யக்கா வாணாம்" என்று ஓரகத்தி என் பின்னால் முணுமுணுத்தாள்.

மேஸ்திரி நின்றுகொண்டிருந்தான். முதலாளியின் ஜீப்பும் ரோட்டோரம் நின்றது. நான் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

பலகையில் பாதி தூரம் போய்விட்டேன். பலகை ஈரம். குதிகால் ஒரு விரல்கடை சறுக்கியது. வண்டி நின்றது. நின்ற வண்டி அடுத்தபடி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நெஞ்சை அதன் மேல் வைத்து முட்டுக் கொடுத்தேன். மேலே தள்ள பலம் இல்லை. விலகி வழிவிட்டால் நேராகக் கீழே போகும். கீழே பலகையின் காலடியில் அந்தப் பெண் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, போனில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தாள்.

"கையை விட்டுடுங்கம்மா" என்றாள், சிரித்துக்கொண்டே. "பயப்படாதீங்க, விட்டுடுங்க. தானா நின்னுடும்."

நான் விடவில்லை.

"விட்டுடுங்கம்மா! நிக்கும். அதுக்குத்தானே பிரேக்கு."

"அப்பால போ" என்றேன். அது அவள் காதில் சரியாக விழவில்லை.

"என்னம்மா?"

வண்டி இன்னொரு விரல்கடை இறங்கியது. சட்டைப் பொத்தான் நெஞ்சில் அழுந்தியது. அப்போதும், நம்புங்கள், அப்போதும் நான் மேஸ்திரி எங்கே நிற்கிறான் என்றுதான் பார்த்தேன். குவியலின் நிழலில் நின்று பல்லைக் குத்திக்கொண்டிருந்தான்.

"கட்டி வெச்சிருக்கேன்டி!" என்று கத்தினேன். "பிரேக்க கட்டி வெச்சிருக்கேன்! நிக்காது! எழுந்து அப்பால போ!"

அவளுக்குப் புரிவதற்கு முன்னால் ஓரகத்தி அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். இன்னும் இரண்டு பேர் ஏறிவந்து வண்டியில் தோள் கொடுத்தார்கள். ஒருத்தி சக்கரத்துக்கு அடியில் கல்லைச் செருகினாள். நான் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண் ஏறிவந்து கைப்பிடிக்குப் பக்கத்தில் குனிந்தாள். முடிச்சைப் பார்த்தாள். அதை அவிழ்க்க அவளுக்கு நேரம் பிடித்தது. ஓரகத்தியின் முடிச்சு அப்படி.

"எப்பலேர்ந்தும்மா?"

"மொத நாள்லேர்ந்து."

என் கையை எடுத்து விரலை மெதுவாக மடக்கிப் பார்த்தாள். மடங்கவில்லை.

மேஸ்திரி வந்துவிட்டான். "இன்னா ஆயா, இத்தினி நாளா ஊரையே ஏமாத்திக்கினு இருந்தியா?"

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கும் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "எத்தனை வாட்டி கேட்டேன் உங்களை? எப்படி இருக்கு, எப்படி இருக்குன்னு. கேட்டேனா இல்லையா?"

"கேட்ட" என்றேன். "இவரு நிக்கிறப்ப கேட்ட."

அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேஸ்திரியைப் பார்த்து, "அண்ணா, நீங்க ஆபீஸ் ஷெட்ல இருங்க. நான் கூப்பிடுறேன்" என்றாள். அவன் நகரவில்லை. "ப்ளீஸ்ணா" என்றாள். ஜீப் நிற்பதைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

அவன் ஷெட்டுக்குள் நுழைகிறவரை எங்களில் ஒருத்தியும் அசையவில்லை. பிறகு அந்தப் பெண் எல்லாரையும் கையை மூடிக் காட்டச் சொன்னாள். மூடியவர்கள் சிலர், பாதி மூடியவர்கள் சிலர். மூடும்போது முகத்தைச் சுளித்தவர்கள் நிறையப் பேர். கம்பியை அமுக்க முடியவில்லை என்று முனகி வாங்கிக் கட்டிக்கொண்டவளுக்கு இரண்டு விரல் மடங்கவே இல்லை. என்னைப் போலத்தான் அவளும் மறைத்து வைத்திருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஆறுதல் ஒன்றும் இல்லை. "நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னாள். சொல்லியிருக்கலாம்தான்.

அந்த வண்டி வேதாரண்யம் போகவில்லை. புது வண்டி ஆவணியில் வந்தது. கம்பி இல்லை. அதற்குப் பதில் இடுப்புக்கு நேரே குறுக்காக ஒரு பட்டை. அதில் இடுப்பைக் கொடுத்துத் தள்ளினால் சக்கரம் ஓடும், பின்வாங்கினால் நிற்கும். முழங்கையாலும் தள்ளலாம். விரலுக்கு அதில் வேலையே இல்லை. எல்லாருக்கும் பிடித்தது.

நான்தான் அதைத் தள்ளவில்லை. அதற்குள் மேஸ்திரி என்னைச் சாக்குத் தைக்க உட்காரவைத்திருந்தான். "உக்காந்த வேல ஆயா. கைக்கு ரெஸ்ட்டு" என்றான். வேலையை விட்டு நிறுத்துவான் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அவனோ தயவு பண்ணுகிற முகத்தோடு கோணி ஊசியை என் முன்னால் வைத்துவிட்டுப் போனான். ஊசியை எதில் பிடிப்பது என்று அவன் யோசிக்கவில்லை. ஊர் முன்னால் ஒருமுறை அவமானப்பட்டாகிவிட்டது, இன்னொருமுறை எதற்கு என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆக, பழைய கதை மறுபடி. சாப்பாட்டு நேரத்தில் ஓரகத்தி வந்து என் பங்குச் சாக்கைக் கடகடவென்று தைத்துப் போடுவாள். நான் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொள்வேன். மீதி நேரமெல்லாம் தைத்த சாக்கை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, தைப்பது போல உட்கார்ந்திருப்பேன். எனக்கு எதிரே வரப்பில் நாள் முழுக்க நீல வண்டிகள் போகும். என் கையைப் பார்த்துச் செய்த வண்டிகள்.

ஒருநாள் ஓரகத்தி ஊசியைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். அவள் கஞ்சித் தூக்கு திறக்காமல் இருந்தது. எழுப்பினேன். எழுந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "மேஸ்திரி வந்துட்டானா?"

மறுநாள் காலையில் டீக்கடை முன்னால், எல்லாரும் நிற்கும்போதே கேட்டேன்.

"ஏம்பா மேஸ்திரி, என் கை மூடாதுன்னு உனுக்குத் தெரியும்ல?"

"அதான் ஊருக்கே தெரியுமே."

"அப்ப ஊசிய எதுல புடிக்கிறது?"

டீ கிளாஸை இறக்கிவிட்டு என் கையைப் பார்த்தான். "இத்தினி நாளு தைச்சுக்கினுதானே இருந்த?"

"நான் தைக்கல. இவ தைச்சா, சோறு துன்னாம."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டான். "உன்ன வெச்சுக்கினு நான் இன்னா பண்றது ஆயா?"

"வண்டியக் குடு. அது இடுப்பால தள்ற வண்டி. இடுப்பு நல்லாத்தான் இருக்குது."

"குடுக்கிறேன். தெனமும் கேப்பேன். முடியலன்னா அன்னிக்கே சொல்லிடணும். மறுபடி ஏதாச்சும் கட்டி வெச்ச, வூட்டுக்குத்தான்."

அப்படித்தான் இப்போது நடக்கிறது. முன்பெல்லாம் என் பேர் கேள்வியில்லாமல் வரும். இப்போது பேரைச் சொல்வதற்கு முன் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்க்கிறான். எல்லார் முன்னாலும், "இன்னிக்குத் தள்ளுவியா?" என்கிறான். "தள்ளுவேன்" என்கிறேன். பலகையில் வண்டியை இழுத்து ஏற்ற ஓரகத்தி வேறொருத்தியோடு ஜோடி சேர்ந்துகொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் முழுசாகச் சாப்பிடுகிறாள். நான் தனியாகத்தான் பலகை ஏறுகிறேன். ஐப்பசி மழையோடு உப்பு நின்று, இந்த வருஷம் மறுபடி ஆரம்பித்தபோதும் கேட்டான், சொன்னேன். நாலைந்து நாளாக இடது இடுப்பில், பட்டை அழுந்துகிற இடத்தில், சாயங்காலம் ஆனால் ஒரு வலி பிடிக்கிறது. அந்த நாலைந்து நாளும் தள்ளுவேன் என்றுதான் சொன்னேன்.

முந்தாநாள் அந்தப் பெண் போன் செய்தாள். வேறு அளங்களுக்கு அனுப்புவதற்கு முன் கேட்கிறாளாம்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?"

"யாரும் இல்ல. அடுப்புகிட்ட இருக்கேன்."

"பட்டை எப்படி இருக்கு? நெஜத்தைச் சொல்லுங்க."

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கி வைத்துவிட்டு வந்து சொன்னேன், இடது பக்கம், எலும்புக்குக் கொஞ்சம் மேலே, மதியத்துக்கு அப்புறம் வலிக்குது, எழுதிக்கோ என்று. அவள் எழுதும் வரை போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தேன்.